பின்னம் நடத்த வட்டத் தட்டா, வண்ணக் கோலா, சார்ட் பட்டையா?

ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை பின்னம் நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று சாமான்களைப் பல வருடமாக மாற்றி மாற்றிப் புழங்கிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய இரண்டும் இப்போது பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கின்றன. சார்ட் பேப்பரில் வெட்டியது மட்டும் தினமும் வெளியே வருகிறது.

முதலில் பிளாஸ்டிக் வட்டத் தட்டு. அரை, கால், எட்டில் ஒன்று என்று அறிமுகப்படுத்த நன்றாகவே இருக்கும். முக்காலை எடுத்தால் மிச்சம் எவ்வளவு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதற்கு மேல் இழுத்தால் வராது. ஐந்தில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் தனித்தனியாகக் கையில் கொடுத்தால் பெரியவர்களுக்கே தடுமாறும். 72 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் லேசில் பிடிபடாது. அதனால் பிள்ளைகள் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். "பச்சை ரெண்டு, மஞ்சள் ஒண்ணு சார்" என்று பதில் வரும். வேறு கம்பெனி செட்டை நீட்டினால் போச்சு. 7/4-ஐ ஒரு முழு வட்டமும் முக்கால் வட்டமுமாக வைத்தால், 7/8 என்று படிக்கிற பிள்ளை வருடா வருடம் உண்டு. இரண்டு வட்டத்திலும் சேர்த்து எட்டுத் துண்டுக்கு இடம் இருக்கிறதே, அதன் கணக்கு அது!

அடுத்தது பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குய்சனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள். 1 செ.மீ. வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை போகும். கோலில் எண் எதுவும் இருக்காது, அதுதான் இதன் பலம். 6 செ.மீ. கரும்பச்சையை ஒன்று என்று வைத்தால் 2 செ.மீ. சிவப்பு மூன்றில் ஒன்று. 8 செ.மீ. பழுப்பை ஒன்று என்று வைத்தால் அதே சிவப்பு கால். "எதுல கால்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் என் பிள்ளைகளுக்கு இதில்தான் வந்தது. ஆனால் பன்னிரண்டு வேண்டுமென்றால் ஆரஞ்சையும் சிவப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். உருண்டு தொலைந்த வெள்ளைக் கட்டைகள் வகுப்பறையைத் துடைப்பத்தால் கூட்டும்போதுதான் கிடைக்கும்.

இனி சார்ட் பட்டை. நீளம் 24 செ.மீ., அகலம் 3 செ.மீ. இந்த 24-ஐ மட்டும் மாற்றாதீர்கள். 2, 3, 4, 6, 8, 12 என எதால் பிரித்தாலும் முழு சென்டிமீட்டரில் விழும். ஐந்தும் பத்தும் வேண்டுமானால் 60 செ.மீ. பட்டை, முழு சார்ட்டின் நீளவாக்கில் வெட்டினால் வரும். ஏழு இரண்டிலும் அடங்காது. அதற்குக் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு போதும். மூன்று கோட்டுக்கு ஒரு கோடாக எட்டுக் கோட்டைத் தடித்துக்கொண்டு, பட்டையின் ஒரு முனை முதல் தடித்த கோட்டிலும் மறுமுனை எட்டாவதிலும் படும்படி சாய்த்து வைத்து, நடுவில் வெட்டும் இடங்களில் புள்ளி வையுங்கள். ஏழு சம பாகம் தயார். கோடுகளின் இடைவெளி சமமாக இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் பாகங்கள் சமமாகவே வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காரணத்தைத் தாங்களே பேசிக் கண்டுபிடிப்பார்கள், அவசரப்பட்டு நாம் சொல்லக்கூடாது.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிற பிள்ளையிடம் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பற்றிப் பேசிப் பயனில்லை. அரைப் பட்டையையும் மூன்றில் ஒன்றையும் ஒட்டி வைத்து, கீழே அதே 24 செ.மீ. பட்டையின் 2/5-ஐ (9.6 செ.மீ.) வைக்கச் சொன்னால் போதும். 2/5 அரைக்கே எட்டாது. பிறகு அந்த 20 செ.மீ.-ஐ மிச்சமில்லாமல் அளக்க எந்தத் துண்டு சரிப்படும் என்று அவர்களே தேடி, ஆறில் ஒன்றுக்கு வந்து சேர்வார்கள். மீ.சி.ம. அதற்குப் பிறகுதான்.

வகுத்தலில்தான் பட்டை தன் விலையை மீட்டது. 2/3 ÷ 1/4. பதினாறு செ.மீ.-க்குள் கால் பட்டை இரண்டு போகும், 4 செ.மீ. மிஞ்சும். அந்த மிச்சத்தின் மேல் ஆறில் ஒரு பங்கை வைத்துப் பார்த்துவிட்டு "ரெண்டே ஆறில் ஒண்ணு" என்பார்கள். தலைகீழியால் பெருக்கினால் 8/3, அதாவது 2 2/3. எது சரி என்று வகுப்பே சண்டை போடும். மிஞ்சிய 4 செ.மீ. முழுப் பட்டையில் ஆறில் ஒன்று, கால் பட்டையிலோ மூன்றில் இரண்டு. நாம் எண்ணியது கால் பட்டைகளை. இந்த ஒரு கணக்குக்கு ஒரு பீரியடு முழுக்கக் கொடுத்தாலும் தகும்.

பெருக்கலுக்குப் பட்டை உதவாது. 2/3 × 4/5-க்குக் கட்டம் போட்ட நோட்டில் செவ்வகம் வரைந்து, ஒரு பக்கம் மூன்றாகவும் மறுபக்கம் ஐந்தாகவும் பிரிப்பதே மேல். சார்ட் மழைக்காலத்தில் நமுத்துச் சுருளும். லேமினேட் செய்தால் மடிக்க முடியாது, அதனால் வருடா வருடம் புதிதாகவே வெட்டிக்கொள்கிறேன்.

பட்டையை எப்போது எடுத்து வைப்பது? அமெரிக்காவில் 1978-ல் நடந்த தேசியத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக 1, 2, 19, 21 இவற்றில் எது என்று கேட்டார்கள். 2 என்றவர்கள் 24 சதவீதம்தான், 19 அல்லது 21 என்றவர்கள் பாதிக்கு மேல். அதே கேள்வியைப் பட்டை இல்லாமல் கேட்கிறேன். பேனாவைத் தொடாமல் 2 என்பவர்களிடமிருந்து பட்டையை வாங்கி வைத்துவிடலாம். மற்றவர்களுக்கு இன்னும் சில வாரம் விட்டுவைக்கிறேன். ஏழாம் வகுப்பு என்றாலும் சரி.