குயில்ட் போர்வைக்கு எது நாள்பட உழைக்கும்: பனியன் துணியா, தறித்துணியா?

திருப்பூர்ப் பக்கம் இருந்தால் கட்டிங் வேஸ்ட் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். ஈரோடு, சென்னிமலை என்றால் தறித்துணி. நடுவில் பஞ்சு வைத்து ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைக்கு இதில் எதை எடுப்பது? கேட்கிறவர்கள் எல்லாம் பஞ்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் முதலில் போவது மேல்துணிதானுங்க.

பனியன் துணி மெத்தென்று இருக்கும், ஆனால் இழுபடும். சிங்கிள் ஜெர்சியை, அதாவது சாதாரண ஒற்றைப் பின்னல் பனியன் துணியை, வெட்டியதுமே ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் அந்த வரிசையே ஓடும். சாதாரணக் கூர் ஊசியில் தைத்தால் ஊசி நூலையே குத்தி அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, சில துவைப்புக்குப் பிறகு தையலோரம் வரிசையாக ஓட்டை விழும். பவர் டேபிளில், அதாவது கம்பெனித் தையல் மெஷினில், உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிதான் போடச் சொல்வார்கள். பனியன் துணிதான் என்று முடிவு செய்தால் இன்டர்லாக் எனும் இரட்டைப் பின்னல் துண்டாகப் பொறுக்குங்கள். அது சுருளாது, அவ்வளவாக இழுபடவும் செய்யாது. தறித்துணியோடு மட்டும் கலக்க வேண்டாம். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. பாரம் முழுக்கத் தையல் மேல் விழும்.

என் ஓட்டு தறித்துணிக்கு. பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) இழுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதிலும் நூலைப் பார்க்க வேண்டும். பனியன் கழிவிலிருந்து நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட், ரோட்டரில் நூற்பது) நூலில் இழை குட்டை, சீக்கிரம் நைந்துவிடும். ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். ரிங் நூல் (ஸ்பிண்டிலில் முறுக்கி நூற்கும் வழக்கமான நூல்) சுத்தமாகப் பிரிந்து இழை இழையாகக் கழன்று வரும். ஓ.இ. நூலில் அங்கங்கே பெல்ட் போட்டதுபோல் இழை சுற்றியிருக்கும், முழுதாகப் பிரியாது. விலை குறைவாகச் சொல்லும் துணியில் இதைச் செய்து பார்க்காமல் வாங்காதீர்கள். எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்துச் சுருங்க விட்டுவிடுங்கள்.

பஞ்சுக்கு வருவோம். இலவம்பஞ்சு தலையணைக்குச் சரி, போர்வைக்கு ஆகாது. இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. துவைத்தால் கட்டிகட்டியாக ஒதுங்கும். பருத்திப்பஞ்சு நாளாக நாளாகத் தட்டையாகும், ஆனால் துணியோடு ஒட்டி நிற்கும். உதிரிப்பஞ்சு என்றால் தையல் வரிசை இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஊசியால் குத்தி ஷீட்டாக வருவதற்குக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பாலியஸ்டர் உப்பல் அவ்வளவு சீக்கிரம் குறையாது, சீக்கிரம் காயும். நெசவு தளர்வாக இருந்தால் மட்டும் இழை வெளியே முடிபோல் நீட்டிக்கொள்ளும். நம்ம ஊர் மார்கழிக்கு எதுவானாலும் மெல்லிசாகப் போதும்.

வீட்டுக்கு ரிங் நூல் தறித்துணியும் பருத்தி ஷீட்டும். வாளியில் அலசி அறைக்குள்ளேயே உலர்த்தும் ஹாஸ்டல் பிள்ளைக்கு இன்டர்லாக்கும் பாலியஸ்டரும்.

தைக்க சாதாரண பாலியஸ்டர் நூலே போதும்; நைலான் வேண்டாம், துணியை அறுக்கும். ஓரப்பட்டியை இரட்டை மடிப்பாக வையுங்கள். கழுத்துப் பக்கப் பட்டிதான் சீக்கிரம் நையும்; அதை மட்டும் பிரித்து மாற்றத் தோதாக, அதே துணியில் ஒரு முழம் எடுத்து வைத்திருங்கள்.