ஸ்டேஜ் 1 போட்ட ஆக்டேவியா விஆர்எஸ்: கிருஷ்ணகிரி வெயிலுக்கும் கல் தூசிக்கும் தாங்க வைப்பது எப்படி

2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230, கம்பெனியிலிருந்து வரும்போதே 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். இசியு ரீமேப் (எஞ்சினை இயக்கும் கணினியில் புது மேப், அதாவது மென்பொருள் எழுதுவது; பாகங்களை மாற்றாமல் இதை மட்டும் செய்வதே ஸ்டேஜ் 1) மட்டும் செய்தாலே 95 ஆக்டேன் பெட்ரோலில் 270, 280 குதிரைத்திறனை எட்டிவிடும். எட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மே மாத மதியத்தில் தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போய்ச் சேரும் வரை அந்த இழுவை குறையாமல் இருக்க வேண்டும். வருஷங்கள் போனாலும் எஞ்சின் ஆயில் குடிக்கக் கூடாது. பணத்தையும் கவனத்தையும் போட வேண்டிய இடம் அதுதான்.

மேப் போடுவதற்கு முன்னால் கார் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காரின் ஈஏ888 எஞ்சினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் ஹவுசிங்கில் இருக்கின்றன. நாளடைவில் அது கசியும். கூலண்ட் டேங்கில் அளவு மெல்ல மெல்ல இறங்குகிறது, பானெட்டைத் திறந்தால் இனிப்பு வாசம் அடிக்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அடுத்தது, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு. அது பழுதானால் ஐட்லிங் ஆடும், ஆயிலும் குறையும். டர்போ அழுத்திய காற்று (பூஸ்ட்) போகும் குழாய்களை அடைத்துப் புகை விட்டுக் கசிவு சோதனை செய்துவிடுவது நல்லது. எங்காவது ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால், இசியு கேட்ட பூஸ்ட்டைக் கொடுக்க டர்போ தேவைக்கு மேல் சுற்றும். சூடு அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியான வகையாக இருக்கட்டும். இடைவெளி 0.6 மி.மீ. பூஸ்ட் கூடும்போது அகலமான இடைவெளியில் பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும். 20,000 கி.மீ.க்கு ஒருமுறை நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இனி தூசி. கிரானைட் குவாரிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும் உள்ள மாவட்டம் இது. லாரிகளின் பின்னால் போகும்போது கண்ணாடியில் படியும் அந்த வெள்ளைப் பொடிதான் ஏர் ஃபில்டரிலும் போய் உட்காருகிறது. ரீமேப் போட்டவர்களில் பாதிப்பேர் அடுத்ததாக வாங்குவது ஆயில் தடவிய காட்டன் ஃபில்டரோடு திறந்த இன்டேக். இந்த ஊருக்கு அது வேண்டவே வேண்டாம். காற்று கொஞ்சம் தாராளமாக வரும், நுண்ணிய கல் தூளும் கூடவே வரும். அது கம்ப்ரெசர் இதழ்களின் ஓரத்தை அரிக்கும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஒரிஜினல் பெட்டியில் நல்ல பேப்பர் ஃபில்டரைப் போட்டு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் ஸ்டேஜ் 1-க்கு அதுவே போதும். ஃபில்டருக்கு அடுத்து வரும் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் சரி. விரலில் நறநறக்கும் சாம்பல் நிற மாவு ஒட்டினால் ஃபில்டரின் ஓர ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

டர்போ அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்தான் இந்தக் காருக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள், மேப்புக்கும் முன்னால். தொப்பூர் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் காற்றோட்டம் இல்லாமல் ஒரிஜினல் இன்டர்கூலர் முழுதும் சூடேறிவிடும். பாதை கிடைத்ததும் மிதித்தால் உள்ளே போகும் காற்று 60 டிகிரிக்கு மேல் இருக்கும். காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும். இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும். காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் அந்த இடத்தில் காணாமல் போகும். முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் போட்டால் வண்டி ஓட்டத்தில் இருக்கும்போது வெளிக்காற்றைவிட 10, 15 டிகிரிதான் கூடும்.

மேப் போட்ட பிறகு லாக் (சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்காமல் ஓட்டாதீர்கள். மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,000 வரை, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில் அல்லது டைனோவில் (நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றி அளக்கும் மேடையில்) இழுத்து நான்கு விஷயங்களைப் பதிவு செய்யுங்கள்: ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் குறைப்பு, உள்காற்று வெப்பம், கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்). ஒரு சிலிண்டரில் அங்கங்கே மைனஸ் 2, 3 டிகிரி என்றால் கவலை இல்லை. நான்கிலும் மைனஸ் 5-ஐத் தாண்டுவது திரும்பத் திரும்பத் தெரிந்தால் பெட்ரோல் சரியில்லை, அல்லது மேப் இந்த வெயிலுக்குப் பொருந்தவில்லை. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக அடம்பிடித்தால் அதன் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். ரெயில் பிரஷர் 200 பார் அளவில் நிற்காமல் மேல் ஆர்பிஎம்மில் சரிந்தால் உடனே காலை எடுங்கள். பெட்ரோல் பற்றாமல் லீனாக எரிவதன் அறிகுறி அது. பிஸ்டன் உருகுவது அங்கேதான்.

99, 100 ஆக்டேன் பெட்ரோல் பெருநகர பங்க்குகளில் கிடைக்கிறது என்பதற்காக அதற்கான மேப்பைப் போட்டுக்கொண்டு, பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ கிடைத்ததை நிரப்பி ஓட்டுவது ஆபத்து. தினமும் உங்களுக்குக் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள். அதற்குமேல் நல்ல பெட்ரோல் கிடைக்கும் நாளில் எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

ஓட்டும் பழக்கத்தில் ஒன்று மிக முக்கியம். ஆறாவது கியரில் 1,600 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது, சூளகிரி மேட்டில் லாரியை முந்த அதே கியரிலேயே பெடலை ஆழமாக அழுத்தாதீர்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம், முழு பூஸ்ட் சேரும்போது பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். சாதாரண நாக்கிங்கைப் போல டைமிங்கைக் குறைத்து இதை நிறுத்த முடியாது. ஒரே அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு (ரிங் லேண்ட்) உடைந்துவிடலாம். ஸ்டீயரிங் பின்னாலுள்ள கியர் பேடிலைத் தட்டி நான்காவதுக்கு இறங்கி 2,500-க்கு மேல் கொண்டுவந்து மிதியுங்கள். 3,000 ஆர்பிஎம் வரை டார்க்கைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி மேப் எழுதும் டியூனரே நல்ல டியூனர். ஆயிலும் இதற்குத் துணை நிற்கும்: ஏபிஐ எஸ்பி தரமும் விடபிள்யூ 502.00 ஒப்புதலும் உள்ள 5டபிள்யூ-40, ஃபில்டரோடு 5.7 லிட்டர், 7,500 கி.மீ.க்கு ஒருமுறை. 15,000 வரை தள்ளாதீர்கள்.

டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக்குழாய்) மாற்றி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தூக்குவது ஸ்டேஜ் 1-க்குத் தேவையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. புகைச் சோதனையில் சிக்கல் வரும், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும். ரீமேப்புக்கே கூட வாரண்டி போகலாம் என்று தெரிந்துதான் இறங்க வேண்டும்.

கடைசியாக கியர்பாக்ஸ். ஆறு கியர் டிகியூ250, ஆயிலில் நனைந்த கிளட்ச். ஒரிஜினல் அமைப்பில் 350 நியூட்டன் மீட்டர் அளவுக்கானது. 400-க்கு மேல் கேட்க வேண்டாம். இசியு மேப்போடு கியர்பாக்ஸ் கணினிக்கான டிசியு மேப்பும் போட்டு கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டினால்தான் வழுக்காது. (ஏழு கியர் உலர் கிளட்ச் டிகியூ200 உள்ள கார்களின் எல்லை 250. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) ஆயில் மாற்ற 60,000 என்று கையேடு சொல்லும், 40,000-லேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். அளவை 35 முதல் 45 டிகிரிக்குள், எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். மத்தியானம் நீண்ட ஓட்டம் முடித்து வந்த சூட்டில் பார்த்தால் ஆயில் விரிந்து அதிகம் வழிந்துவிடும், அப்புறம் குறைவாகவே நிற்கும். வடித்த பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். கருத்துத் தீய்ந்த வாசம் அடித்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கிறது. டார்க்கைக் குறைத்து மேப்பைத் திருத்தச் சொல்லுங்கள்.