படிக்கட்டுக் கைப்பிடிக் கால்: எஸ்.எஸ்.ஸா, இரும்பா, தேக்கா?

கைப்பிடியைத் தாங்கும் சின்னக் கால்களைப் பற்றி வீட்டு வேலையின் கடைசியில்தான் யோசிப்போம். அதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். பட்டறையில் பளபளப்பைக் காட்டியே தலையில் கட்டிவிடுவார்கள்.

தெருவுக்குத் தெரு இப்போது எஸ்.எஸ்.தான், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆனால் அதிலேயே ரகம் பல; 304, 202 என்று எண் போட்டுச் சொல்வார்கள், அதுதான் கிரேடு. 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-இல் ஏறக்குறைய பாதிதான், குறைவதை மாங்கனீசு ஈடுகட்டும். அதனால்தான் விலை மலிவு. வெளிப் படிக்கட்டில் 202 போட்டால் வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் பழுப்பு ஏறும். கடையில் காந்தத்தை வைத்து, “பாருங்க சார், ஒட்டல” என்பார்கள். 202-உம்தான் ஒட்டாது! பில்லில் கிரேடைப் போட்டு வாங்குங்கள். கடலோர வீட்டுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும்.

எஸ்.எஸ்.ஸில் எனக்குப் பிடிக்காதது வேறு. நாலு படிக்கு ஒரு கால் நட்டு, நடுவே குழாய்களைப் படுக்கைவாட்டில் ஓட்டிவிடுகிறார்கள். ஏறத் துடிக்கும் குழந்தைக்கு அது ஏணி.

நிமிர்ந்த கால்கள் என்றால் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) சதுரக் கம்பி சிக்கனம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ வரும். படிக்கு இரண்டு போதும் என்பார் வெல்டர். கணக்குப் போடுங்கள்: கால் வைக்கும் படியின் முன்பின் அகலம் 250 மி.மீ. என்றால் கம்பிக்குப் பாதி, 125; அதில் கம்பியின் 12 போக இடைவெளி 113. 100 மி.மீ. உருண்டை நுழையக் கூடாது என்பது பிரிட்டன் கட்டட விதி. குழந்தையின் தலை சிக்காமல் இருக்கத்தான். படிக்கு மூன்று போட்டால் 71-தான். இரும்புக்கு எமன் அடிப்பக்கம்: படி கழுவும் தண்ணீர் கம்பி இறங்கிய குழியில் தங்கி, பெயின்டுக்கு அடியிலேயே துரு அரிக்கும். அடியில் பேஸ் பிளேட் என்னும் தகடு வைத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, ஓரத்தை சீலன்ட் போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

தேக்குக் கடைசல் கால் 40 மி.மீ. பருமன் இருந்தால் படிக்கு இரண்டே போதும், இடைவெளி 85. ஆனால் கடைசலில் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் அளந்து பாருங்கள், இடைவெளி அங்கேதான் கூடும். கையில் பிடித்தால் சுடாது. விலை கடிக்கும். துளையில் இறங்கும் முனையான கழுந்து தளர்ந்து ஆடினால் ஆசாரி ஒரு காலை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

உள் படிக்கட்டு, கையில் காசு என்றால் என் ஓட்டு தேக்குக்கு. மற்ற வீடுகளுக்கு எம்.எஸ்., படிக்கு மூன்று. பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்கு மட்டும் 304, அதுவும் நிமிர்ந்த கால்களாக.