44 வயதில் ஓவிய வகுப்பு: மூன்று வருட அனுபவம்

2022 விஜயதசமியன்று ஸ்ரீரங்கத்தில், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து முதல் கோடு போட்டேன். அப்போது எனக்கு வயது 44. மூன்று வருடம் முடிந்து நான்காவது வருடம் ஓடுகிறது. அலுவலகத்தில் என் ஸ்கெட்ச் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் "இந்த வயசுல கத்துக்கிட்டா வருமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விஜயதசமியன்று சேர்ந்தது எனக்கு இரண்டாவது வகுப்பு. முதலாவதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அதே வருடம் ஜனவரியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 1,500 ரூபாய், வாரம் இரண்டு நாள். முதல் நாளே கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கைக்கு வந்துவிட்டன. செல்போனில் இருக்கும் படத்தைப் பிரிண்ட் எடுத்து, கார்பன் தாள் வைத்து கேன்வாஸில் இறக்கி, வண்ணம் தீட்ட வேண்டும். எங்கே தப்பினாலும் ஆசிரியர் வந்து பிரஷ்ஷை வாங்கிக்கொள்வார். பத்து நிமிடத்தில் கிருஷ்ணருக்குக் கண் திறந்துவிடும், மயிலிறகு பளபளக்கும். ஏழு மாதத்தில் ஐந்து படம் முடிந்தது. எல்லாமே அழகாக இருந்தன. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

ஆகஸ்டில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். "அண்ணி, கடையில வாங்க வேண்டாம். உங்க கையால ஒரு பிள்ளையார் போட்டுக் கொடுங்க" என்றாள். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். தும்பிக்கை முகத்திலிருந்து எங்கே ஆரம்பிக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. காது ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்தது. நிமிர்ந்து சுவரில் இருந்த கிருஷ்ணரைப் பார்த்தேன். அந்தக் கண், உதடு, புல்லாங்குழலைப் பிடித்த விரல், எதுவும் நான் போட்டதில்லை. பின்னணியும் பீதாம்பரமும்தான் என்னுடையவை. கடைசியில் கடையில் வாங்கிய படத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். "உங்க கையால" என்ற வார்த்தை பல நாள் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை, நன்றாக வரையத் தெரிந்தவர். குழந்தைகள் வகுப்பில் மாதம் ஒரு படமாவது வீட்டுக்கு வர வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே பெரியவர்களிடமும் வைத்துக்கொண்டார். ஆனால் எனக்குப் போனது ஏழு மாதம். அதனால் வகுப்பு தேடுகிறவர்கள் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: சேருவதற்கு முன் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் மாணவர் தாளில் கை வைக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

ஸ்ரீரங்கம் மாஸ்டரைப் பற்றி என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர், முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ஞாயிறு காலை 7 மணி முதல் 9.30 வரை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய். எட்டுப் பேர் வருகிறோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வுபெற்றவர் ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், இப்படிக் கலவையான கூட்டம். பணிமனைக்காரர் அளவெடுப்பதில் புலி. ஸ்கேல் இல்லாமலே அவர் போடும் நேர்கோட்டை இன்றும் நின்று பார்ப்பேன்.

முதல் நாள் மாஸ்டர் ஸ்டூலில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தார். "வரைங்க" என்றார், அவ்வளவுதான். நான் வரைந்தேன். வாய்க்கு ஒரு முட்டை வடிவம், அப்புறம் கழுத்து, வயிறு, அடியில் ஒரு நேர்கோடு. மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொம்பைக் கையில் எடுத்து, என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"வாய் எப்படித் தெரியுது?"

"கோடாத் தெரியுது மாஸ்டர்."

மெல்லக் கீழே இறக்கினார். கோடு திறந்து ஒடுக்கமான வட்டம் ஆனது. இன்னும் இறக்க இறக்க வட்டம் அகன்றுகொண்டே வந்தது. ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "கண் மட்டத்துலேருந்து கீழே போகப் போக வட்டம் விரியுது. அப்ப வாய் கீழே இருக்கா, அடி கீழே இருக்கா?"

அடிதான் கீழே இருக்கிறது. அப்படியென்றால் வாயைவிட அடியின் வளைவுதான் கூடுதலாக இருக்க வேண்டும். நான் போட்டிருந்ததோ நேர்கோடு. பிறந்ததிலிருந்து சொம்பைப் பார்க்கிறேன். அது தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், அதனால் கை தட்டையாகப் போட்டுவிட்டது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. அந்தச் சில நொடிகளுக்கு முன் ஏழு மாத கேன்வாஸ் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

மாஸ்டர் என் தாளைத் தொடவில்லை. இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தப்பு இருக்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே விரலை நீட்டி "இங்க" என்பார். சில சமயம் "பேப்பரைப் பார்க்காதீங்கம்மா, சொம்பைப் பாருங்க" என்பார். என்ன தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரொம்பவே தடுமாறினால் தன் கைத்தாளில் ஓரமாக இரண்டு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் இரண்டு மாதம் இது எனக்குக் கோபத்தைத் தந்தது. காசு கொடுத்து வருகிறோம், திருத்திக் கொடுத்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். இப்போது அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்களில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

நாற்பதுக்கு மேல் சேருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடி போட்டால் தாள் தெரிகிறது, எதிரே உள்ள பொருள் மங்குகிறது. கழற்றினால் பொருள் தெரிகிறது, பென்சில் நுனி தெரிவதில்லை. ஒரு மாதம் தலைவலியோடு திரும்பினேன். தாளை மடியில் வைக்காமல், பலகையில் கிளிப் போட்டு, கை நீட்டும் தூரத்தில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார் மாஸ்டர். கண்ணாடியே தேவைப்படாமல் போனது. கூடவே இன்னொரு லாபமும் கிடைத்தது. தாள் நிமிர்ந்து நின்றால் கோணல் உடனே தெரியும். படுத்திருக்கும் தாளில் வரைந்துவிட்டுத் தூக்கிப் பார்த்தால் படம் நீண்டு போயிருப்பது கண்ணாடி போடாதவர்களுக்கும் நடக்கும். பொருள் மங்கலாகத் தெரிவதும் ஒருவகையில் நல்லதுதான். ஷேடிங் போடும்போது கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். சின்ன விவரமெல்லாம் மறைந்து, வெளிச்சம் எது, நிழல் எது என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். எனக்குப் படிக்கிற கண்ணாடியைப் போட்டு நிமிர்ந்தாலே அது கிடைத்துவிடுகிறது.

நான்காவது மாதத்திலிருந்து எட்டாவது மாதம் வரை ஒன்றுமே முன்னேறாத மாதிரி இருந்தது. கண் வேகமாகத் தேறிவிடுகிறது, கை பின்தங்கி வருகிறது. நேற்றுவரை தெரியாத தப்பெல்லாம் தெரிய ஆரம்பிப்பதால், படம் மோசமாகிக்கொண்டே போவதாகத் தோன்றும். எங்களோடு சேர்ந்தவர்களில் மூன்று பேர் அந்தக் கட்டத்தில்தான் நின்றுபோனார்கள். என்னைக் காப்பாற்றியது தினமும் பதினைந்து நிமிடம். காபி டம்ளர், செருப்பு, குக்கர், திருச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், எதுவானாலும் சரி. வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் மட்டும் உட்கார்ந்தால் போன வாரம் பிடித்ததைத் திரும்பப் பிடிக்கவே நேரம் போய்விடுகிறது. முகம் வரையும்போது தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண் வரும் என்பதைப் பென்சிலை நீட்டி அம்மாவின் முகத்தில் அளந்து பார்த்தபோது நம்பவே முடியவில்லை. அதுவரை நெற்றியைப் பாதியாகக் குறைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாவது மாதம் வாட்டர் கலர் தொடங்கினோம். இதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வெள்ளைக் கோபுரம்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் மாஸ்டர் எல்லாரையும் கீழ உத்திர வீதிக்கு வரச் சொன்னார். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலின் கிழக்குப் பக்கம், வெள்ளைக் கோபுரம் நிற்கும் இடம். தெற்கு ராஜகோபுரத்துக்கு 13 நிலை, பல வண்ணம். அதை ஏற்கெனவே வரைந்து, மேலே போகப் போக நிலைகளின் உயரம் குறைவதைக் கவனிக்காமல் சமமாகப் போட்டுத் தவறியிருந்தேன். வெள்ளைக் கோபுரம் சுலபம் என்று நினைத்தேன். வாட்டர் கலரில் வெள்ளைக்குத் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் பாடம். அப்படியே விட்டு, சுற்றிலும் வானத்துக்கு மஞ்சள் வாஷ் (தண்ணீரில் நன்றாகக் கரைத்த மெல்லிய வண்ணப் பூச்சு) அடித்தேன். கோபுரம் கத்தரித்து ஒட்டியது போல நின்றது.

மாஸ்டர் வந்து, "வானம் வெளிச்சமா, கோபுரம் வெளிச்சமா?" என்றார்.

கோபுரம் வெள்ளை, அதனால் கோபுரம் என்றேன். கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சூரியன் மேற்கே, கோபுரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் முழுக்க நிழல். வானம் தகதகவென்றிருந்தது, வெள்ளைக் கோபுரம் அதைவிட நல்ல கருமையாக, நீலச் சாம்பலாக நின்றது. வெள்ளை என்ற பெயரை மறந்தால்தான் அது தெரிகிறது. அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் அந்தச் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் சூடு. கறுப்பு ட்யூபை நான் அன்றோடு தொடுவதை விட்டேன். இரண்டாவது தாளில் கோபுரம் முழுக்க அந்தச் சாம்பலை அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பூக்கார அம்மா எட்டிப் பார்த்து, "வெள்ளைக் கோபுரத்துக்கு எதுக்குக் கண்ணு நீலம் அடிக்கிற?" என்றார். முடியட்டும் என்று சொன்னேன். வானத்தை அடித்து முடித்துப் பலகையைத் திருப்பிக் காட்டினேன். படத்தையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, இப்ப அப்படித்தான் இருக்கு" என்றார். இதுவரை கிடைத்த பாராட்டில் எனக்கு அதுதான் பெரியது.

பொருள்களைப் பற்றிக் கேட்பார்கள். பென்சிலுக்கு அப்சரா செட் போதும். நான் பெரும்பாலும் 2பி, 4பி, 6பி மூன்றைத்தான் எடுக்கிறேன், எண் கூடக் கூடக் கோடு கறுப்பாக விழும். வண்ணத்துக்கு கேம்லின் மாணவர் ட்யூபில் தொடங்கலாம். பணத்தைச் செலவழிக்க வேண்டியது தாளில். சாதாரண டிராயிங் தாளில் தண்ணீர் பட்டால் அலை அலையாக எழும்பி, வாஷ் குட்டை குட்டையாகத் தேங்கும். அதைத் தன் கைக்குறை என்று நினைத்து விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) என்று போட்ட கனமான தாள் வாங்குங்கள். பருத்தித் தாள் விலை கூடுதல், பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் பயன்படுத்துகிறேன். திருச்சி வெயிலுக்கு இன்னொன்று. சித்திரையில் காலை 8 மணிக்கு மேல் வாஷ் அடித்தால் பாதியிலேயே காய்ந்து விளிம்பு பிடித்துவிடும். ஐப்பசி மழையில் நேர்மாறு, காயவே காயாது. மழைக்காலத்தில் தாளை பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி வையுங்கள். என்னுடைய ஒரு கட்டு பூசணம் பிடித்து, அப்புறம் வண்ணத்தைத் திட்டுத் திட்டாக உறிஞ்சியது. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய செவ்வரளிப் படம் ஒரே வருடத்தில் வெளிறியும் போனது. வெயிலில் நிற்கும் சிவப்பு எது, நிற்காதது எது என்று பல ட்யூப்களின் மேலேயே போட்டிருக்கும், அதைப் படித்து வாங்க வேண்டும் என்று அதற்கப்புறம்தான் கற்றேன்.

மூன்று வருடத்தில் கட்டணம் தவிர, தாளுக்கும் வண்ணத்துக்கும் ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆகியிருக்கிறது. சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (ஸ்கேல் இல்லாமல் கையாலேயே வெளிக்கோடு வரைவது), மாடல் டிராயிங் (எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது) உண்டு, லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. எங்கள் வகுப்பு நர்ஸ் அதற்குத் தயார் செய்கிறார். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

முதல் வகுப்புப் படங்களை ஹாலில் இருந்து இறக்கிவிட்டேன். போன தையில் நாத்தனார் வந்தபோது வெள்ளைக் கோபுரத்தைக் கொடுத்தேன். வலது ஓரத்தில் வானத்து வாஷ் கொஞ்சம் கசிந்த படம்தான். நடு ஹாலில் மாட்டியிருக்கிறாள்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு விஜயதசமிக்கும் அதே பித்தளைச் சொம்பை அதே ஸ்டூலில் வைப்பார். எல்லாரும் வரைந்து, தேதி போட்டு, அவரிடம் உள்ள கோப்பில் வைக்க வேண்டும். இந்த வருடம் என்னுடைய நான்கு தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். 2022-இல் தட்டை அடி. 2023-இல் வளைவு வந்துவிட்டது, வயிறு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2024-இல் வடிவம் சரி, பித்தளையின் பளபளப்பு வரவில்லை, ஏனென்றால் வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அடர் கறுப்பைப் போடப் பயந்திருக்கிறேன். இந்த வருடம் அதைப் போட்டேன், மின்னியது. மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். வழக்கம்போல ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கழுத்தும் வயிறும் சேருமிடத்தில், தாளுக்கு ஓர் அங்குலம் மேலே விரலை நீட்டி, "இங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.