சென்னையின் எஃப்சி: 11 சீசன் பார்வையாளர் ஒருவரின் அனுபவப் பகிர்வு

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் தொடங்கியபோது வாங்கிய முதல் டிக்கெட்டிலிருந்து 2024-25 சீசன் வரை, சென்னையின் எஃப்சி அணி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் லீக் முழுவதும் கோவாவுக்குள் நடத்தப்பட்ட இரண்டு சீசன்களை மட்டும் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதாயிற்று. ஓர் ஆட்டத்தையோ ஒரு சீசனையோ வைத்துச் சொல்லப்படும் மதிப்பீடு இந்த அணிக்குப் பொருந்தாது. கோப்பை வென்ற அடுத்த சீசனில் கடைசி இடம், கடைசி இடத்துக்கு அடுத்த சீசனில் இறுதிப்போட்டி என்று வந்த அணி இது. அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'சென்னையின்' என்பது முடிந்த சொல் அல்ல. பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்கும் சொல். சென்னையின் அணி, சென்னையின் கோப்பை, சென்னையின் தலைவலி என அந்தந்தச் சீசனுக்கு ஏற்றதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை வைத்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்பது தெரியாது. ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டோம்.

இந்த அணி வருவதற்கு முன்பும் சென்னையில் கால்பந்து இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அலுவலக அணிகள் மோதிய சென்னை லீக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். இந்தியன் வங்கி தேசிய லீக்கிலும் ஆடியது. அதன் முன்னணி வீரராக இருந்த சையத் சபீர் பாஷாதான் பிற்காலத்தில் சென்னையின் அணியின் துணைப் பயிற்சியாளராகவும், 2021-22 சீசனின் இறுதிக் கட்டத்தில் இடைக்காலப் பயிற்சியாளராகவும் நின்றார். வட சென்னையின் வியாசர்பாடிச் சந்துகளில் பந்து உதைத்த பிள்ளைகளுக்கு மேலே ஏறிப் போகப் படி இருந்தது, ஆனால் அந்தப் படி ஒரு ரயில்வே வேலையிலோ வங்கி வேலையிலோ போய் முடிந்தது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்களாக வந்து நின்றபோது, பந்தை விட உரிமையாளர் வரிசையைப் பார்க்கவே கூட்டம் வந்தது என்று குறைசொன்ன பெரியவர்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலர் இரண்டாவது ஆட்டத்துக்கும் வந்தார்கள்.

முதல் சீசனில் இத்தாலியின் உலகக் கோப்பை வீரர் மார்கோ மட்டராட்சி பயிற்சியாளராகவும் வீரராகவும் இருந்தார். பிரேசிலின் எலானோ 8 கோல்கள் அடித்து, தொடரில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார். 14 லீக் ஆட்டங்களின் முடிவில் அணி பட்டியலில் முதலிடம் பெற்றது. பின்னாளில் அந்த இடத்துக்கு லீக் கேடயம் தரத் தொடங்கினார்கள். அந்தக் கேடயம் அறிமுகமானது 2019-20 சீசனில்தான். சென்னையின் அணி பட்டியலின் தலைமையில் முடித்த ஒரே ஆண்டில் அதற்குப் பரிசு எதுவும் கிடையாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அந்த ஆண்டின் அரையிறுதி இரண்டாம் சுற்றை இப்போதும் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 எனத் தோற்று வந்திருந்தார்கள். டிசம்பர் 16 இரவு சென்னையில் மிக்கேல் சில்வெஸ்டர் ஒரு கோல் அடித்தார். கேரளாவின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் சொந்தக் கோலுக்குள் ஒன்றைத் தள்ளினார். 90-ஆவது நிமிடத்தில் ஜெஜே லால்பெக்லுவா மூன்றாவதை அடித்தபோது, என் பக்கத்து இருக்கையில் அதுவரை வேர்க்கடலையைத் தவிர வேறெதையும் கண்டுகொள்ளாதிருந்த மனிதர் பொட்டலத்தை விட்டெறிந்துவிட்டு என்னைத் தூக்கினார். பிறகு கூடுதல் நேரம். 117-ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக ஒரு கோல் போட்டார். இரண்டு சுற்றுகளையும் சேர்த்த மொத்தக் கணக்கில் கேரளாவுக்கு 4-3. பார்க் ஸ்டேஷன் வரை நடந்தோம், யாரும் பேசவில்லை. தாம்பரம் வண்டியில் ஏறிய பிறகுதான் ஒருவர், "அடுத்த வருஷமும் இந்த டீம் இருக்குமா?" என்று கேட்டார்.

இருந்தது. 2015-இல் பத்து ஆட்டங்கள் முடிந்தபோது அணி கடைசியில் கிடந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்கு ஏறியபோது சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் நடந்த இறுதிப்போட்டியில், 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை பெற்றதும் தெரிந்தவர் ஒருவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். 90-ஆவது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணி மீது பட்டு உள்ளே போனது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் ஸ்டீவன் மென்டோசா வெற்றிக் கோலை அடித்தார். கொலம்பியாக்காரரான மென்டோசா அந்தச் சீசனில் 13 கோல்கள் அடித்தவர். தூங்கப் போனவர் விடியற்காலையில் செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயத்தை அறிந்தார். அவரை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது கோப்பை 2017-18-இல் வந்தது. நான் பார்த்த சென்னையின் அணிகளிலேயே ஒழுங்கு மிகுந்தது பயிற்சியாளர் ஜான் கிரிகரி அமைத்த அந்த அணிதான்: பின்வரிசையில் மைல்சன் ஆல்வெஸும் ஹென்ரிக் செரினோவும், கோலில் கரன்ஜித் சிங்கும், நடுவில் ரஃபேல் அகுஸ்டோவும் அந்தச் சீசனில்தான் இருபதை எட்டிய அனிருத் தாபாவும் இருந்தனர். அவர்களோடு நடுக்களத்தில் நின்றவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் நடந்த அரையிறுதியில், ஜெஜே முதல் கோலை அடித்த மூன்று நிமிடத்தில், ஃப்ரீ கிக்கில் பறந்து வந்த பந்தைக் கணேஷ் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். அரங்கத்திலிருந்து வியாசர்பாடி சில கிலோமீட்டர் தொலைவுதான். அந்தக் கோலுக்கு எழுந்த சத்தம் மற்ற கோல்களுக்கு எழுந்த சத்தத்தைப் போல இருக்கவில்லை. ஒரு பேட்டையே உள்ளே வந்து கத்தியது போல இருந்தது. நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா அரங்கில், சுனில் சேத்ரி முதலில் கோல் அடித்தும், ஆல்வெஸின் இரண்டு தலைமுட்டுகளாலும் அகுஸ்டோவின் ஒரு கோலாலும் 3-2 என வென்றார்கள். அடுத்த சீசனில் முழங்கால் காயத்தால் கணேஷ் ஆடவே இல்லை. ஆட்டக்காரர்களின் வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு கோப்பைகளும் எதிரணியின் சொந்த ஊரில் வெல்லப்பட்டவை. 2020-இல் ஆடிய மூன்றாவது இறுதிப்போட்டியும் ஃபதோர்டாவில்தான். சென்னை அரங்கில் ஐ.எஸ்.எல். கோப்பை தூக்கப்படுவதை யாரும் பார்த்ததில்லை. 11 சீசன் உள்ளூர் டிக்கெட் வாங்கியவனின் உண்மையான மனக்குறை இதுதான்.

இனி என் மதிப்பீட்டின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சென்னையின் அணி குறுகிய தொடருக்கென்று பிறந்த அணி. லீக் நீண்டுகொண்டே போனபோது அது அதற்கேற்ப வளரவில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டங்கள், சுமார் இரண்டு மாதக் காலம், களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை என்பது விதி. அப்படிப்பட்ட தொடரில் மென்டோசா போன்ற ஒருவர் ஒரு மாதம் சூடு பிடித்தால் கோப்பை வந்துவிடும். 2017-18-இல் லீக் ஆட்டங்கள் 18 ஆகி, களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் அது நான்கு. 2024-25-இல் 13 அணிகளும் 24 லீக் ஆட்டங்களும் இருந்தன. இப்போது வெற்றியைத் தீர்மானிப்பவர்கள், ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடும் ஏழெட்டு இந்திய வீரர்களும் காயம் வந்தால் இறங்கத் தயாராக இருக்கும் மாற்று வீரர்களும்தான். அந்த இடத்தில் நம் கை எப்போதும் மெலிந்தே இருந்திருக்கிறது.

பட்டியல் இடங்களே இதற்குச் சாட்சி. 2018-19-இல் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், 9 புள்ளிகள், பத்தாவது இடம். அதே சீசனில் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, பெட்ரோ மான்சியின் 21 கோல்களோடு, ஐ.எஸ்.எல்.-லுக்கு வெளியே நடந்த மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை வென்றது. அலங்காரமும் விளம்பரமும் இங்கே, பட்டம் அங்கே என்று கோவை நண்பர்கள் கேலி செய்ததற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பட்ட அணியும் சில ஆண்டுகளில் தேசியப் போட்டிகளிலிருந்து காணாமல் போனது. தமிழகத்தில் ஓர் அணியைப் பட்டம் வெல்ல வைப்பதை விட உயிரோடு வைத்திருப்பது கடினம் போலும்.

2019-20 தனிக்கதை. முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. ஐந்தாவதாக ஹைதராபாத் ஆட்டம். 90 நிமிடம் கடந்தும் 0-0. கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது ஆந்த்ரே ஷெம்ப்ரி கோல் அடித்தார், ஹைதராபாத் சமன் செய்தது, அதற்கும் பிறகு நெரியஸ் வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலைப் போட்டார். படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டவர்கள் சத்தம் கேட்டு மேலே ஓடிவந்து, எந்தக் கோல் யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்தோடு கிரிகரி விலகினார். ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு தங்கக் காலணி பெற்றார். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வென்று இறுதிக்குப் போனார்கள். 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத அரங்கில் நடந்த அந்த இறுதிப்போட்டியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 எனத் தோற்றார்கள். இதுவும் என் வாதத்துக்குள் அடங்கும்: டிசம்பரில் புதிய பயிற்சியாளர் வந்த பிறகு நடந்தது, உண்மையில், மூன்று மாதக் குறுந்தொடர்.

அதன்பின் எட்டாவது இடம், எட்டாவது இடம், மீண்டும் எட்டாவது இடம். சாபா லாஸ்லோவின் கீழ் ஆடிய 2020-21-இல் 20 ஆட்டங்களில் 11 டிரா. அந்தச் சீசனைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. காயில் திரும்பி வந்த 2023-24-இல் ஆறாவது இடம் பிடித்து பிளே ஆஃப் சென்று கோவாவிடம் 2-1 எனத் தோற்றார்கள். அடுத்த சீசனில் பதினோராவது இடம். கடைசியில் முடித்த அணியைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பும் தரம் இறக்கும் முறை அந்தச் சீசன் வரை இந்த லீக்கில் இல்லாததால், பதினோராவது இடத்துக்குத் தண்டனையும் கிடைக்கவில்லை. சீசனின் கடைசி மூன்று நான்கு ஆட்டங்கள் பார்வையாளருக்கு எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதை டிக்கெட் வாங்கியவர்கள்தாம் அறிவார்கள்.

ஒரு ரசிகனை நீண்ட நாள் பிடித்து வைப்பது கோப்பையை விடத் தெரிந்த முகம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஜெஜேயின் கோல்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தோம். 2016-இல் பையனாக வந்த தாபா அணித்தலைவராக வளர்ந்து 2023-இல் கொல்கத்தாவுக்குப் போனார். வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர் சென்னையில் ஆட்டத்தைத் தொடங்கினாலும் பெயர் வாங்கியது வெளியூர் அணிகளில். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழகப் பையன்கள் மட்டுமே, எதிரணி யாராக இருந்தாலும், கூட்டத்தின் ஒரு மூலையில் நான்கு சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார்கள். அப்படிப்பட்ட மூலைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

பயன்பாட்டு விவரங்கள் சில. அரங்கம் சென்ட்ரலுக்குப் பின்னால், ரிப்பன் கட்டடத்தை ஒட்டி இருப்பதால் மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் போய்விடலாம். சொந்த வண்டி வேண்டாம். திடலைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருப்பதால் கீழ் வரிசைகளில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கக் கோல் முனையில் நடப்பது ஊகமாகவே இருக்கும். ஆட்டத்தின் அமைப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் உயரமான வரிசைகளுக்குப் போகலாம். பாட்டும் பறையும் வேண்டுமென்றால் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆகிய ரசிகர் குழுக்கள் நிற்கும் பக்கம் போக வேண்டும். அங்கே உட்காரும் எண்ணம் இருக்கக் கூடாது. 2022 அக்டோபரில், கோவா காலம் முடிந்து பெங்களூருவுடன் ஆடிய முதல் உள்ளூர் ஆட்டத்துக்குப் போனபோது, 1-1 என்ற சாதாரண டிராவுக்குக் கோப்பை வென்றது போல ஆர்ப்பரித்தார்கள்.

லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியவிருந்த நிலையில், முந்தைய இரண்டு ஆண்டுகளில் செப்டம்பரில் தொடங்கிய சீசன் அந்த ஆண்டு தொடங்கவில்லை. அந்த மாதங்களில் பார்க் ஸ்டேஷனைக் கடக்கும் சனிக்கிழமை மாலைகளில் அரங்கத்தின் விளக்குகள் எரிகின்றனவா என்று வண்டியின் கதவோரம் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அட்டவணையில் கேரளா ஆட்டத்தையோ பெங்களூரு ஆட்டத்தையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். 90-ஆவது நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள், கடைசி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கும்.