மோலாரிட்டியா, மோலாலிட்டியா?

இரண்டும் கரைசலின் செறிவைச் சொல்லும் அளவுகள். பெயரில் ஓரெழுத்துதான் மாறுகிறது, ஆனால் தேர்வில் இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 180 கிராம் குளுக்கோஸை, அதாவது 1 மோலை (மோல் என்பது துகள்களின் எண்ணிக்கைக்கான அலகு), எடுத்துக்கொள்வோம்.

அதைத் திட்டக்குடுவையில் போட்டு, நீர்மட்டத்தின் அடிவளைவு கழுத்துக் கோட்டைத் தொடும்வரை தண்ணீர் ஊற்றினால் 1 லிட்டர் கரைசல். இது 1 மோலார். குளுக்கோஸும் இடம் பிடிப்பதால் உள்ளே போகும் தண்ணீர் சுமார் 890 கிராம்தான். அதே குளுக்கோஸை, தராசில் நிறுத்த 1 கிலோ தண்ணீரில் கரைத்தால் 1 மோலால்.

தரம் பார்க்க (டைட்ரேஷன்), அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிய, மோலாரிட்டிதான் வசதி. பிப்பெட்டில் உறிஞ்சுவது கன அளவைத்தானே. ஆனால் உறைநிலைத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம் என்று வந்துவிட்டால் நான் தயங்காமல் மோலாலிட்டி பக்கம். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் தண்ணீர் ஏறத்தாழ 2.7 சதவீதம் விரிகிறது, மோலாரிட்டி இறங்கிவிடும். எடை மாறாது, மோலாலிட்டியும் மாறாது.

நம் 1 மோலால் குளுக்கோஸ் கரைசல் சுமார் −1.86 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். சரி, குளுக்கோஸுக்குப் பதில் உப்பு? அது இரண்டு அயனிகளாகப் பிரிவதால் தாழ்வு கிட்டத்தட்ட இரட்டிப்பு: சுமார் −3.4.