ஸ்காட்லண்ட் பூர்வீகம்: ஊரிலேயே தங்கியவர்களைத் தேடினால் போனவர்கள் கிடைப்பார்கள்

என் மருமகன் கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்காரர். அவருடைய முன்னோர்கள் 1830-களில் ஸ்காட்லண்டின் ஸ்கை தீவிலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்பது மட்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்றால் யாருக்கும் தெரியாது. பேத்தி பிறந்த பிறகு சம்பந்தி அம்மாவும் நானும் இதைத் தேட உட்கார்ந்தோம். அதிலிருந்து இன்று வரை, வருடக்கணக்காக, ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தை விடாமல் பயன்படுத்தி வருகிறேன்.

இது ஸ்காட்லண்ட் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம். வருடச் சந்தா கிடையாது. பெயர்ப் பட்டியலில் தேடுவது இலவசம். பதிவின் படத்தைப் பார்க்க மட்டும் கிரெடிட், அதாவது முன்பணம் கட்டி வாங்கும் புள்ளிகள், வாங்க வேண்டும். ஒரு படத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கு. வாங்கிய படம் நம் கணக்கிலேயே இருக்கும், மறுபடி பார்க்கக் காசு கேட்பதில்லை. நிதானமாகத் தேடுகிறவர்களுக்கு இந்த முறைதான் சரி. தேடல் நின்றிருக்கும் மாதங்களில் பணம் போவதில்லை.

கடல் கடந்து போனவர்களைத் தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது கப்பல் பயணிகள் பட்டியல். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் தொடர்ச்சியாக இருப்பது 1890 முதல்தான். கியூபெக் துறைமுகத்துக்கு வந்தவர்களின் பட்டியல்கள் 1865-லிருந்துதான் ஒழுங்காக இருக்கின்றன. 1830-களில் கேப் பிரெட்டனில் வந்து இறங்கிய குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. ஆஸ்திரேலியா போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1852 முதல் 1857 வரை ஹைலேண்ட் (ஸ்கை உட்பட்ட ஸ்காட்லண்டின் வடமேற்கு மலைப்பகுதி) குடியேற்றச் சங்கம் அனுப்பிவைத்த சுமார் 5,000 பேருடைய பெயர், வயது, ஊர் எல்லாம் குடும்பம் குடும்பமாகப் பதிவாகியிருக்கின்றன.

திருச்சபைப் பதிவேடுகளும் ஹைலேண்ட் பகுதியில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ஸ்கையின் பதிவேடுகள் பெரும்பாலும் 1800-க்குப் பிறகு தொடங்குபவை, அவற்றிலும் விடுபட்டவர்கள் ஏராளம். போதாததற்கு, ஒரே பாரிஷில் (திருச்சபை வட்டாரத்தில்) ஒரே காலத்தில் எத்தனையோ டொனால்ட் மெக்லவுட்கள்! இவர்தான் நம்மவர் என்று ஞானஸ்நானப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

எங்களுக்கு வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து. ஸ்காட்லண்டில் 1855 ஜனவரி முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசிடம் பதிவது கட்டாயமானது. அங்கே மரணப் பதிவில் இறந்தவரின் அப்பா, அம்மா இருவர் பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, எழுதுவார்கள். கப்பலேறியவர் கனடாவில் இறந்ததால் அவருக்கு ஸ்காட்லண்டில் மரணப் பதிவு இருக்காது. ஆனால் ஊரிலேயே தங்கி 1855-க்குப் பிறகு இறந்த அண்ணனுக்கோ தங்கைக்கோ இருக்கும். அவர்களுடைய பெற்றோர்தானே இவருக்கும் பெற்றோர்!

அதிலும் சகோதரியைத் தேடுவதுதான் சுலபம். மணமான பெண்ணின் மரணம் பிறந்த வீட்டுப் பெயரிலும் புகுந்த வீட்டுப் பெயரிலும் பட்டியலில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். சம்பந்தி அம்மா வீட்டுப் பழைய பைபிளில், ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு தங்கையின் பெயரும் அவள் கணவன் பெயரும் இருந்தன. அவளுடைய மரணப் பதிவில்தான் அந்தக் குடும்பத்தின் அப்பா அம்மா பெயரை முதன்முதலாகப் படித்தோம். தகவல் சொன்ன மகனுக்கு எழுதத் தெரியாது, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். சம்பந்தி அம்மா அந்தக் குறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஆட்களில் யாராவது 1855-லேயே இறந்திருந்தால் அந்தப் பதிவை யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு வருடம் மட்டும் பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர், வயது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். வேலை அதிகம் என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெற்றோர் பெயரைச் சொன்னவர் யார் என்று கட்டாயம் பாருங்கள். மகனோ மகளோ சொன்னால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதென்றால் இன்னொரு சான்று வேண்டும். எனக்கு உதவிய சான்று பெயர் வைக்கும் வழக்கம். நம் வீடுகளில் தாத்தா பாட்டி பெயர் வைப்பதுபோல அங்கும் முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், முதல் மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் வைப்பார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளை வரிசைப்படுத்தியபோது பதிவில் கண்ட பெயர்கள் அப்படியே வந்து நின்றன. எல்லாக் குடும்பமும் இதைப் பின்பற்றியதில்லை. அதனால் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரின் முன்னால் வரும் மெக், மாக் எழுத்து வித்தியாசங்களுக்குத் தேடலில் நட்சத்திரக் குறி போட்டால் போதும்.

கனடா பக்கம், கேப் பிரெட்டன் இருக்கும் மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஆவணக் காப்பகம் பதிவுகளை இலவசமாகவே காட்டுகிறது. 1877-க்கும் 1908-க்கும் நடுவே அந்த மாகாணம் பிறப்பு, இறப்புகளைப் பதியவில்லை. அந்த இடைவெளிக்குக் கல்லறைக் கற்கள்தான் கதி. சில கற்களில் ஸ்கையின் எந்தப் பாரிஷ் என்பது வரை செதுக்கியிருக்கிறார்கள்.

ஊர் பெயர் கிடைத்ததும் ஸ்காட்லண்ட் தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்துக்குப் போங்கள், அதுவும் இலவசம். ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்த பழைய வரைபடங்களில் கூரையுள்ள வீடு, கூரையிழந்த வீடு என்று பிரித்தே வரைந்திருப்பார்கள். ஆட்டுப் பண்ணைக்காகக் காலி செய்யப்பட்ட குடியிருப்புகளை அதில் கண்ணாலேயே அடையாளம் காணலாம்.

இப்போது தொடங்குகிறவர் முதலில் உங்கள் குடும்பத்துப் பழைய பைபிள், இரங்கல் குறிப்பு, கல்லறை மூன்றையும் பார்த்துவிட்டு, போனவருடைய உடன்பிறந்தவர்கள் எல்லோர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரெடிட் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.